பூட்ஸ் மணி வீட்டுக்குள் போனபோது

1. ஸ்ட்ராபெரிக்குக் கண் வைத்த நாள்

தினேஷ் என்னைத் தேடி வந்த அன்று, நான் ஏணி மேல் நின்று ஒரு ஸ்ட்ராபெரிக்குக் கண் வரைந்துகொண்டிருந்தேன். பிரிஞ்சாங் போகும் சாலையில் இருக்கும் ஒரு பழத்தோட்டத்தின் வாசல் பலகை அது. ஸ்ட்ராபெரிக்கு எதற்குக் கண் என்று கேட்காதீர்கள். கேமரன் மலையில் ஸ்ட்ராபெரி, சோளம், தேனீ, கள்ளிச்செடி எதுவானாலும் கண் இருந்தால்தான் சுற்றுப்பயணிகள் காரை நிறுத்துகிறார்கள். தோட்டத்துச் சீன முதலாளி கீழே நின்று, "மாத்தா பெசார் சிக்கிட் லா" என்று மறுபடியும் கண்ணைப் பெரிதாக்கச் சொன்னார். இதற்கு மேல் பெரிதாக்கினால் பழத்துக்கு இடம் இருக்காது என்று நான் மலாயில் வாதாடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு வாலிபன் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீங்கதானே சரோஜா? பூட்ஸ் மணிய வரைஞ்சவங்க?"

"யாருப்பா நீ?"

"தினேஷ். கிள்ளான்லேருந்து வரேன். சின்ன வயசுல மணி கார்ட்டூன் போட்டாத்தான் சாப்பிடுவேன்."

"இப்ப சாப்பிடறதில்லையா?"

"இப்ப அத வச்சுத்தான் சாப்பிடலாம்னு வந்திருக்கேன்."

பதில் பிடித்திருந்தது. இறங்கினேன். பூட்ஸ் மணியை மறுபடி எடுக்கப் போவதாகவும், இந்த முறை பெரியவர்களுக்காக எடுக்கப் போவதாகவும் சொன்னான். அன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது. மணிக்கும் அந்த வயது. வேலை, கல்யாணம், குடும்பம் எல்லாம் அவனுக்கும் உண்டு. இணையத்தில் தொடர்கள் வெளியிடும் ஒரு கம்பெனி முதல் எபிசோடைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறது. பிடித்தால் முழுத் தொடரும் எடுக்கலாம்.

"பிடிக்கலன்னா?"

"மாமனார் கடையில டயர் மாத்தணும் அக்கா."

இதற்கு முன் அவன் எடுத்த இரண்டு தொடர்களும் பாதியில் நின்றுபோயிருந்தன. இதுதான் கடைசி என்று மனைவி சொல்லிவிட்டாளாம். கிள்ளானில் மாமனாரின் டயர் கடையில் அவன் பெயர் தைத்த சட்டைகூடத் தயாராகத் தொங்குகிறதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் சட்டையின் நிறம், பாக்கெட் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் சொன்னான். அந்தச் சட்டையைப் பற்றி அவன் நிறைய யோசித்திருக்கிறான் என்று தெரிந்தது.

நான் சரி என்றேன். அந்த ஸ்ட்ராபெரி ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக இன்னும் அங்கேயே நிற்கிறது. கார்கள் நிற்பதால் முதலாளிக்கு வருத்தமில்லை.

2. மணியைத் தெரியாதவர்களுக்கு

அனிமேஷன் படிக்கும் பிள்ளைகள் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு மணியைத் தெரிந்திருக்காது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது இங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில். பிறகு கோலாலம்பூரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு கார்ட்டூன் வேண்டும் என்றபோது, எனக்குத் தெரிந்த இடத்தையே வரைந்தேன். மணி ஓர் எஸ்டேட் பையன். அப்பாவின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு திரிவான். மஞ்சள் நிறம், முட்டி வரைக்கும் வரும். இடது பூட்ஸுக்குள் ஓர் அட்டை குடியிருக்கும். அதன் பெயர் ஒட்டு. ஒட்டு ரத்தம் குடிக்காது, பால் இல்லாத தேத்தண்ணி மட்டும்தான் குடிக்கும். ஆபத்து வந்தால் பூட்ஸிலிருந்து தலையை நீட்டி யோசனை சொல்லும். அந்த யோசனை பெரும்பாலும் தப்பாகவே இருக்கும்.

பூட்ஸ் போட்டதற்குத் தொழில் காரணமும் உண்டு. கார்ட்டூனில் வரையக் கஷ்டமானவை கையும் பாதமும்தான். கைக்கு மூன்று விரல் போதும் என்று ஒப்பேற்றலாம். பாதத்தை ஒப்பேற்ற முடியாது. பூட்ஸ் மாட்டிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

வீட்டுக்குள் எந்தக் காட்சியும் கிடையாது. வீடு என்றால் சுவர், சாமான், ஜன்னல் என்று புதிது புதிதாகப் பேக்ரவுண்ட் வரைய வேண்டும். வரைய நான் ஒருத்தி, எனக்கு உதவியாக அரை நாள் வரும் ஒருவர். அதனால் தேயிலை மலை ஒன்றை நீளமாக வரைந்து, இடமாகவும் வலமாகவும் திருப்பிப் போட்டே காலம் ஓட்டினோம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் அம்மா கூப்பிடுவாள். மணி ஓடி வந்து வாசலில் நிற்பான். கதவு திறக்கும், அவன் உள்ளே போவதற்குள் பாட்டு வந்துவிடும். அவன் வீட்டை யாருமே பார்த்ததில்லை.

பிறகு ஸ்டூடியோ மூடியது. நான் மலைக்குத் திரும்பி வந்து பழங்களுக்குக் கண் வரைய ஆரம்பித்தேன்.

3. தாடி வைத்தால் பெரியவனா

தினேஷ் பிரிஞ்சாங்கில் ஒரு ஸ்டீம்போட் கடைக்கு மேல் மாடியை வாடகைக்கு எடுத்தான். கீழே மேசைக்கு மேசை சட்டியில் சூப் கொதிக்கும், மேலே நாங்கள் வரைவோம். எந்நேரமும் பசித்தது. தினேஷ் டைரக்டர். யோகேஸ் ரிக் போடுகிறவர், அதாவது வரைந்த உருவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கணினியில் அசையும்படி மூட்டு வைத்துக் கட்டுகிறவர். கிறிஸ்டினா பேக்ரவுண்டுக்கும் சத்தத்துக்கும். நான் கேரக்டர் வரைய.

முதல் நாளே சண்டை. தினேஷ் எழுதியிருந்த மணிக்குத் தாடி, சிகரெட், கையில் ஒரு போத்தல். மலை முழுக்கச் சாம்பல் நிறம். ஒட்டு வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை.

"என்ன தம்பி இது, மணிக்கு என்ன ஆச்சு?"

"பெரியவங்களுக்கான படம் அக்கா. கொஞ்சம் டார்க்கா இருக்கணும்."

"நான் பெரியவதான். நான் என்ன டார்க்காவா இருக்கேன்?"

"நீங்க வேற அக்கா."

ஒட்டுக்கு அன்று குரல் கொடுத்தவர் முருகேசு. இப்போது லெம்பா பெர்த்தாமிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார். அந்த மூக்கால் பேசும் குரல் அப்படியே இருந்தது, கொஞ்சம் கரகரப்பு மட்டும் கூடியிருந்தது. டப்பிங்குக்கு வந்தவர் வசனத்தைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்துவிட்டார்.

"தம்பி, எம் பொண்ணு டீச்சரு. அவ கிளாஸ் பிள்ளைங்க காதுல இது விழுந்தா, நான் வீட்டுக்குப் போக முடியாது. எனக்கு லோரியில படுக்கத்தான் எடம் இருக்கும்."

கெட்ட வார்த்தை போயிற்று. போத்தலையும் சிகரெட்டையும் நான் சண்டை போட்டு எடுத்தேன். தாடியை விட்டுக்கொடுத்தேன், ஏனென்றால் தினேஷுக்கும் தாடி இருந்தது.

ஆனால் கதையின் நடுவில் ஒரு காட்சி இருந்தது. அதை நான் தொடவே இல்லை. மணி இப்போது எஸ்டேட்டில் மருந்து அடிக்கும் வேலை பார்க்கிறான். சிங்கப்பூரில் வேலை கிடைக்கிறது. மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து, மனைவி தேவியிடம் போகிறேன் என்று சொல்கிறான். நீளமான வசனம், நடுநடுவே இடி. தினேஷ் தன் மனத்தை எடுத்து அதில் வைத்திருந்தான். அவன் தன் மனைவியிடம் சொல்ல முடியாததெல்லாம் அதில் இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் காட்சிக்காக முதல் தடவையாக மணியின் வீட்டு உள்பக்கத்தை வரைந்தோம். சாமி படம், காலண்டர், ரைஸ் குக்கர், பள்ளிக்கூடப் பை. தரையை நான்தான் வரைந்தேன். அப்போதுதான் துடைத்த மாதிரி பளபளப்பாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, மணியின் மஞ்சள் பூட்ஸ் அதில் பிரதிபலிப்பதையும் வரைந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

4. கோயில் மண்டபம்

கம்பெனியிலிருந்து வந்தவர் ரமணி மேடம். கறுப்புக் கோட்டு, நல்ல தோல் ஷூ (ஷூவோ பூட்ஸோ, எங்களுக்கு எல்லாம் சப்பாத்து), கையில் எப்போதும் போன்.

"முன்னமே சொல்லிடறேன். நான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவ இல்ல. எங்க வீட்ல நியூஸ் மட்டும்தான். அதனால எனக்குப் பிடிக்குதா இல்லையான்னு பார்க்காதீங்க. ஜனங்க முகத்தத்தான் நான் பார்ப்பேன்" என்றார்.

நான் பிறந்த எஸ்டேட்டின் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரையிட்டோம். கோயில் மண்டபம் என்பதால் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். குளிர்ந்த தரையில் கால் வைத்ததும் ரமணி மேடம் முகத்தைச் சுளித்தார். பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

'பெரியவர்களுக்கு மட்டும்' என்று தினேஷ் பெரிதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தான். வந்தவர்கள் அத்தனை பேரும் பிள்ளைகளோடு வந்தார்கள். கைக்குழந்தை, தலையணை, முறுக்குப் பொட்டலம் எல்லாம் வந்தன.

"அண்ணே, நோட்டீஸ் பார்க்கலையா?" என்று தினேஷ் ஒருவரைக் கேட்டான்.

"பார்த்தேன் லா. நாங்க பெரியவங்கதானே? புள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டு வர்றது?"

முருகேசு என் பக்கம் திரும்பி, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

படம் ஆரம்பித்தது. பழைய பாட்டு மெதுவாக வந்தபோது மண்டபமே கூடப் பாடியது. மணி தாடியோடு வந்தபோது சிரித்தார்கள். ஒட்டு தலையை நீட்டியபோது கைதட்டினார்கள். தினேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டான். ரமணி மேடம் ஜனங்கள் முகத்தைப் பார்த்துப் போனில் ஏதோ தட்டினார்.

அப்புறம் அந்தக் காட்சி. மழை. மணி கதவைத் திறந்து உள்ளே நுழைந்தான். "தேவி, நான் ஒரு முடிவு எடுத்துட்டேன்."

"டேய், சப்பாத்து" என்றது மண்டபத்தின் நடுவிலிருந்து ஒரு குரல்.

லெட்சுமி. நான் கோலாலம்பூர் போன பிறகு எங்கள் லைன் வீட்டு வரிசையில் பிறந்தவள். இப்போது கொழுந்து எடுக்கும் கூட்டத்துக்கு மண்டோர், அதாவது மேற்பார்வை. ஒரு மலைச்சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவள்.

"சப்பாத்தோட உள்ள போறான் பாரு. சாமி படம் இருக்குல்ல அங்க."

"வீடு இப்பத்தான் தொடைச்சிருக்காங்க போல. பளபளன்னு இருக்கு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"பொண்டாட்டி ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காம நிக்கிறா. என்னா பொம்பள லா இவ."

திரையில் மணி சிங்கப்பூரைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் கிறிஸ்டினா வைத்திருந்த ஈரச் சத்தம், சளக், சளக் என்று கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் பெண்கள் "ஸ்ஸ்" என்றார்கள். ஒரு பிள்ளை "மணி, சப்பாத்து கழட்டு" என்று ஆரம்பித்தது. மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. இடி இடித்தது. தினேஷின் மனம் முழுவதும் அந்தக் கோஷத்தில் முழுகிப்போனது.

விளக்குப் போட்டதும் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "நல்லாருந்துச்சும்மா. அவன் என்னமோ ஊருக்குப் போறேன்னானே, எந்த ஊரு?"

5. வாசலிலேயே நிறுத்தலாமா

நாற்காலிகளை அடுக்கும்போது ரமணி மேடம் தினேஷிடம் பேசினார். குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கதை இருக்கு தினேஷ். ஆனா யாரும் கதைய பார்க்கல. நானும் பார்க்கல, அந்தத் தரையத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு வரேன். இதே மண்டபம், இதே ஆளுங்க. அப்பவும் இப்படின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நாங்கள் நாலு பேரும் மாடிக்கு வந்து உட்கார்ந்தோம். எங்களில் ஒருவர்கூட வாழ்நாளில் செருப்போடு வீட்டுக்குள் போனவர் இல்லை. அந்த மாடிக்குள்ளேயே செருப்பைப் படிக்கட்டில் கழற்றிவிட்டுத்தான் வருவோம். வெறுங்காலோடு உட்கார்ந்துகொண்டு, மணியைப் பூட்ஸோடு வீட்டுக்குள் நடக்க வைத்திருக்கிறோம். காரணம் வேறொன்றுமில்லை. எங்களுக்கு அது சப்பாத்தாகவே தெரியவில்லை. அதுதான் மணியின் கால். யோகேஸ் கணினியைத் திறந்து காட்டினார். முட்டிக்குக் கீழே ஒரே மஞ்சள் துண்டு. அந்தத் துண்டுக்கு அவர் வைத்திருந்த பெயரே 'கால்'.

"வாசல்லயே பேசட்டும் அக்கா" என்றான் தினேஷ். "தேவி வெளிய வரட்டும். வீட்டு உள்பக்கத்தையே எடுத்துடலாம்."

"அதுதான் சுலபம்" என்றார் யோகேஸ். "புது ரிக் வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கும் பென்சில் மேசைக்கு அடியில் போய்விடும்.

"சின்னப் பிள்ளையா இருந்தப்போ அவன வாசலோட நிறுத்தினோம், சரி. இப்ப பெரியவன் ஆக்கிட்டோம்னு நோட்டீஸ் ஒட்டுறீங்க. பெரியவன்னா வேல முடிஞ்சு வீட்டுக்குள்ள போகணும் தம்பி. உள்ள ஒருத்தி இருப்பா, அவ மூஞ்சியப் பார்த்துப் பதில் சொல்லணும். வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போறதுக்கு அவன் என்ன போஸ்ட்மேனா?"

தினேஷ் குனிந்து தன் வெறும் பாதங்களைப் பார்த்தான். அவன் வீட்டு வாசல் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"அவனுக்குக் காலே இல்லையே அக்கா" என்றார் யோகேஸ் மெதுவாக.

"நான் வரைஞ்சு தரேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், நான் பாதம் வரைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்பது உறைத்தது. ஸ்ட்ராபெரிக்குக் கால் கிடையாது.

6. லெட்சுமியின் கால்

முதலில் வரைந்த பாதங்களைப் பார்த்து தினேஷ் "அழகா இருக்கு" என்றான். கிறிஸ்டினா, "சோப்பு விளம்பரத்துல வர்ற கால் மாதிரி இருக்கு அக்கா" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. இத்தனை காலம் பூட்ஸுக்குள் கிடந்த கால் அப்படி இருக்காது.

எஸ்டேட்டுக்குப் போனேன். மத்தியானத்துக்கு மேல் வேலை விட்டு வருகிறவர்கள் லைன் வீட்டுக்கு வெளியே இருக்கும் தண்ணீர்க் குழாயில் பூட்ஸைக் கழுவிக் கழற்றுவார்கள். இப்போது கொழுந்து எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். எங்கள் ஆட்களில் லெட்சுமி மாதிரி சிலர்தான் மலையில் நிற்கிறார்கள். அவள் படியில் உட்கார்ந்து பூட்ஸை இழுத்துக்கொண்டிருந்தாள். காலை வரைய வேண்டும் என்றேன்.

"போட்டோ எடுக்க எத்தனையோ பேர் வராங்க. எல்லாரும் மூஞ்சியத்தான் கேப்பாங்க. நீங்க என்னா அக்கா, காலக் கேக்கறீங்க?"

"உன் மூஞ்சிய வரைய எனக்குக் காசு கட்டாது. காலக் காட்டு."

சிரித்துக்கொண்டு காலை நீட்டினாள். விடிந்ததிலிருந்து ஈரத்தில் ஊறி, தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பூட்ஸின் வாய் அழுத்திய இடத்தில் கெண்டைக்காலைச் சுற்றி ஒரு கோடு. குதிகாலில் வெடிப்பு. கணுக்காலுக்கு மேல் அட்டை கடித்த பழைய புள்ளிகள். பெருவிரல் நகம் ஒன்று கறுத்திருந்தது. நான் வரையும்போது விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததில் அந்த விரல்களுக்குச் சந்தோஷம் என்று தோன்றியது.

என் அம்மாவின் காலும் இப்படித்தான் இருந்தது. தினமும் பார்த்த கால். அதை நான் ஒரு தடவைகூட வரைந்ததில்லை. வரைந்து முடிக்கும் வரைக்கும் அது மனத்தை உறுத்தியது.

லெட்சுமி பூட்ஸைக் கழுவி, வாசல் ஓரம் நட்டிருந்த இரண்டு குச்சிகளில் கவிழ்த்து மாட்டினாள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். நிமிர்த்தி வைத்தால் ராத்திரி மழை உள்ளே நிறைந்துவிடும். மாட்டிவிட்டுத் திரும்பியவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? சிரிக்கக்கூடாது."

"கேளு."

"மணி பூட்ஸக் கழட்டிட்டு உள்ள போயிட்டான்னா, ஒட்டு எங்க படுக்கும்?"

நான் சிரிக்கவில்லை.

"கவிழ்த்தா விழுந்துடும். நிமித்தி வச்சா தண்ணி ரொம்பிடும்" என்றாள். "சின்னதுல எங்கப்பா பூட்ஸ நான் நிமித்தி நிமித்தி வச்சிருவேன் அக்கா. ஒட்டு இருந்தா விழுந்துடுமேன்னு. காலையில அப்பா கால விட்டா உள்ள ஒரே தண்ணி. யாருடா இந்த வேலையப் பாக்கறதுன்னு கத்துவாரு. நான் சொல்லவே இல்ல."

பெரிய ஒரு கூட்டத்தை மேய்க்கிறவள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், முகத்தை அவ்வளவு தீவிரமாக வைத்துக்கொண்டு கேட்டாள். மிச்சம் பிடிப்பதற்காக நான் ஒரு பூட்ஸும் ஓர் அட்டையும் வரைந்தேன். இந்தப் பெண் அதற்குப் படுக்க இடம் பார்த்திருக்கிறாள்.

"யோசிச்சு சொல்றேன் லெட்சுமி" என்றேன்.

"சொல்லுங்க அக்கா. மழைக்கு முன்னாடி."

7. மறுபடியும் மண்டபம்

பாதம் வந்தது. யோகேஸ் தூங்காத கண்ணோடு புது ரிக் போட்டார். விரல்கள் தனித்தனியாக அசைந்தன. தினேஷ் தன் நீளமான வசனத்தைத் தானே எடுத்து வெட்டினான். நான் கேட்கவே இல்லை. "காலப் பார்த்ததுக்கு அப்புறம் அவ்வளவு பேச வேணாம் அக்கா" என்றான். முருகேசு லோரியை மார்க்கெட் ஓரம் நிறுத்திவிட்டு, முட்டைக்கோஸ் வாசனையோடு வந்து டப்பிங் பேசினார்.

"ரெண்டு வரிதானா? கெட்ட வார்த்தைக்கு ஒத்துக்கிட்டிருந்தா இன்னும் கொஞ்சம் வசனம் கெடச்சிருக்கும் போல."

இரண்டாவது தடவை மண்டபத்தில் இன்னும் கூட்டம். சப்பாத்து கதை எஸ்டேட் முழுக்கப் பரவியிருந்தது. ரமணி மேடம் இந்த முறை தடித்த காலுறையோடு வந்தார். சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். தினேஷ் உட்காரவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றான். கிள்ளானிலிருந்து மாமனார் இரண்டு முறை கூப்பிட்டதாகவும், எடுக்கவில்லை என்றும் சொன்னான்.

மழைக் காட்சி வந்தது. மணி வாசலுக்கு வந்தான், படியில் உட்கார்ந்தான். வலது பூட்ஸைக் கழற்றினான். இடது வரவில்லை. இழுத்தான், திருகினான், கதவில் முட்டுக் கொடுத்து இழுத்தான். ப்ளக் என்று வந்தது. ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு திரையில் பாதம் தெரிந்ததும் மண்டபம் அடங்கிவிட்டது. வெளுத்துச் சுருங்கிய, கோடு விழுந்த, கறுத்த நகம் கொண்ட பாதம். இத்தனை வருஷமும் யாரும் பார்க்காத பாதம்.

"எப்படி ஊறிப்போய்க் கெடக்கு பாரு" என்றாள் பின்னால் ஒருத்தி, தன் வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

இடது பூட்ஸிலிருந்து ஒட்டு தலையை நீட்டியது.

"நானும் உள்ள வரட்டா?"

"வேணாண்டா. அவ இப்பத்தான் தொடைச்சிருக்கா."

"சரி லா. நீ போய்ச் சாப்பிடு."

மணி உள்ளே போனான். பளபளக்கும் தரையில் ஈரக் கால்தடம் விழுந்தது. தேவி முகத்தைப் பார்க்காமல் முதலில் காலைப் பார்த்தாள்.

"சிங்கப்பூர்ல வேல கெடச்சிருக்கு."

"எப்பப் போகணும்?"

"அடுத்த மாசம்."

"மொதல்ல காலத் தொடைச்சுக்க."

ஒரு துணியை நீட்டினாள். அவ்வளவுதான் வசனம். வெளியே மழை வலுத்தது. வாசலில் இரண்டு மஞ்சள் பூட்ஸ் நிமிர்ந்தபடி நனைந்துகொண்டிருந்தன. கதவு திறந்தது. தேவி வந்து, எல்லாப் பெண்களையும் போல, அதைக் கவிழ்க்கக் கையை நீட்டினாள். கை நின்றது. குனிந்து உள்ளே பார்த்தாள். உள்ளே போய் ஒரு நீல வாளியை எடுத்து வந்து, பூட்ஸ் இரண்டும் அடங்கும்படி மேலே கவிழ்த்து மூடிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பாட்டு வந்தது.

கைதட்டல் இல்லை. லெட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆங், இப்ப சரி" என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது.

அன்று எந்த ஊர் என்று கேட்ட பெரியவர் இந்தத் தடவை தினேஷைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, இவன் சிங்கப்பூர் போயிட்டா ஒட்டுவ யாரு பாத்துப்பாங்க?"

தினேஷ் அந்தக் கேள்வியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். ரமணி மேடம் போனைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார்.

முடிவைச் சொல்வதற்கு முன் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். பழைய பொம்மையைப் பெரியவர்களுக்காக எடுக்கும்போது அவனுக்குத் தாடி வைப்பதும் வைக்காததும் உங்கள் பாடு. அவனை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது வாசலில் யாரை விட்டுவிட்டுப் போகிறான் என்று பாருங்கள். அந்த ஆள் மழையில் நனையாதபடி ஏதாவது செய்யுங்கள். மற்றதெல்லாம் ரிக் வேலை, அதை யோகேஸ் மாதிரி யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

நானும் தினேஷும் ரமணி மேடம் பின்னாலேயே போனோம். வெளியே தூறல். செருப்புக் குவியலில் ரமணி மேடம் தன் சப்பாத்தைத் தேடி எடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். நுழைக்கப் போன கால் நின்றது. இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, இடது சப்பாத்துக்குள் எட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் காலை உள்ளே விட்டார்.

தினேஷ் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தான்.

"பார்த்தீங்களா அக்கா?"

"பார்த்தேன். மாமனாருக்குப் போன் போடு. அந்தச் சட்டைய வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு."